பள்ளிக்கூடமும் பிள்ளைகளின் உடல்நலமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு நடுநிலைப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் அம்மா நான். 2022இல் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது எங்கள் பள்ளிக் குழுவில் உறுப்பினரானேன். அன்றிலிருந்து பள்ளி வாசலிலும், ரேஷன் கடை வரிசையிலும், கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போதும் மற்ற பெற்றோர் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். பதில் தெரியாதவற்றை ஆசிரியர்களிடமும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடமும் கேட்டுக்கொண்டேன். அந்த நோட்டில் இருப்பதுதான் இது.

உடம்பைப் பார்க்க ஆஸ்பத்திரி இருக்கிறதே, பள்ளிக்கூடத்துக்கு இதில் என்ன வேலை?

ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை வருடத்தில் நாலு நாள் போகும். பள்ளிக்கு இருநூறு நாளுக்கு மேல் போகிறது. அங்கே என்ன சாப்பிடுகிறது, தண்ணீர் குடிக்கிறதா, கழிப்பறைக்குப் பயமில்லாமல் போய் வருகிறதா, யாரைப் பார்த்தால் ஒதுங்குகிறது, எல்லாம் கடைசியில் உடம்பில்தான் வந்து இறங்கும்.

நம் ஊருக்கு இது புது விஷயமும் இல்லை. சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி 1920இலேயே ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956இல் காமராஜர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். வயிறு காய்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது இங்கே எப்போதோ புரிந்துவிட்டது. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் யுனெஸ்கோவும் சேர்ந்து, நலம் வளர்க்கும் பள்ளிக்கு எட்டுத் தரநிலைகள் வெளியிட்டன. பள்ளியும் ஊரும் சேர்ந்து நடப்பது அதில் ஒன்று, பிள்ளையின் மனதுக்கு ஏற்ற சூழல் இன்னொன்று. பணம் இல்லாத ஊரிலும் இந்த இரண்டையும் செய்யலாம்.

காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. எவ்வளவு திட்டியும் குடிக்க மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

திட்டுவதை நிறுத்திவிட்டு, பள்ளிக் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள்.

என் மகளும் ஆறாம் வகுப்புக்குப் போன புதிதில் இப்படித்தான் செய்தாள். ஒரு லிட்டர் பாட்டிலில் இரண்டு வாய் குறைந்திருந்தால் அதிகம். அடிக்கடி தலைவலி, அப்புறம் ஒரு நாள் சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று அழுதாள். மருத்துவர் நீர்க்கடுப்புக்கு மருந்து எழுதிக்கொண்டே, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "குடிச்சா போகணும்ல."

மறுநாள் பள்ளிக்குப் போனேன். பெண் பிள்ளைகள் பக்கம் இரண்டு கழிப்பறை. ஒன்றில் கதவே இல்லை. இன்னொன்றில் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஒருத்தி போனால் வெளியே இன்னொருத்தி கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கூட வர ஆள் இல்லாத பிள்ளை போவதே இல்லை. வாளி இருந்தது, கப் இல்லை. குழாயைத் திருகினேன், காற்றுதான் வந்தது. மேலே தொட்டி இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. ஆனால் சுவிட்ச் இருக்கும் அறை காலையில் பூட்டியே கிடக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. அங்கே பிள்ளைகள் படும் பாட்டை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நீண்ட நேரம் சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சேர்ந்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்கிப் பெருக வசதியாகிவிடும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிதில் வரும். மலத்தை அடக்கினால் மலச்சிக்கல், அதனால் வயிற்றுவலி, பசியின்மை. இத்தனையும் ஒரு தாழ்ப்பாளில் தொடங்குகிறது.

கேரளத்தில் 2019இல் சில பள்ளிகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கத் தொடங்கின. தமிழ்நாட்டிலும் 2025இல் இந்த 'வாட்டர் பெல்' வந்தது. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் கழிப்பறையைச் சரி செய்யாமல் மணி மட்டும் அடித்தால் பிள்ளை பாட்டிலை வாயருகே கொண்டுபோய்விட்டு மூடிவிடும்.

சரி, கழிப்பறை மோசம்தான். யாரிடம் சொன்னால் நடக்கும்?

முதலில் தலைமை ஆசிரியரிடம் நேரில், கோபமில்லாமல். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். எங்கள் பள்ளியில் தாழ்ப்பாளும் கப்பும் வாங்க ஆன செலவு ஒரு குடும்பம் ஒரு வேளை ஹோட்டலில் சாப்பிடும் காசுகூட இல்லை. பெற்றோரில் ஒருவர் எலக்ட்ரீஷியன். மோட்டார் சுவிட்சை வெளிச் சுவருக்கு மாற்றி, சின்னப் பெட்டி போட்டுப் பூட்டி, சாவியைக் காலையில் முதலில் வரும் சமையலர் அக்காவிடம் கொடுத்தார். எட்டரை மணிக்குத் தொட்டி நிறைந்துவிடுகிறது.

அப்படி முடியாத வேலைகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு சொல்வது இது: உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். 2024இல் திரும்ப அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். கூட்டத்தில் பேசினால் மட்டும் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும். "கழிப்பறை சரியில்லை" என்று எழுதாதீர்கள். "பெண்கள் கழிப்பறை இரண்டில் ஒன்றுக்குக் கதவு வேண்டும், குழாய் இரண்டு மாற்ற வேண்டும்" என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து, நடந்ததா என்று கேளுங்கள்.

கட்டிட வேலை என்றால் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. பள்ளிக் கழிப்பறைக்காகப் பத்து அம்மாக்கள் சேர்ந்து எழுந்து நின்றால் ஊராட்சியில் கேட்காமல் போகமாட்டார்கள், பார்த்திருக்கிறேன்.

எந்தக் காரணம் சொன்னாலும் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைக்கக் கூடாது. அது தூய்மைப் பணியாளர் வேலை. அந்த அம்மாவுக்குச் சம்பளம் மாதாமாதம் போகிறதா, கையுறை இருக்கிறதா என்று கேட்பதும் குழுவின் வேலைதான்.

வீட்டில் இட்லி சாப்பிட்டுப் போகும் பிள்ளை பள்ளியிலும் காலை உணவு சாப்பிடலாமா?

தாராளமாக. ஆனால் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டுப் போகும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. வயல் வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் ஆறு மணிக்குக் கிளம்பும் அம்மா என்ன செய்வாள்? முந்தைய நாள் சோறு, இல்லாவிட்டால் டீயும் பன்னும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024இல் ஊர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகள், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூடவே காய்கறி சாம்பார். ஊர்ப்புறத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர், அதுவும் பெரும்பாலும் அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் அம்மாக்கள்.

ஒரு மனக்குறை உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை காலையில் சாப்பிட்ட பிள்ளை, ஆறாம் வகுப்புக்குப் போனதும் அதே வளாகத்தில் தாளிப்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு நிற்கிறது. வளர்ச்சி வேகமெடுப்பதே அந்த வயதில்தான். எட்டாம் வகுப்பு வரையாவது கொடுக்க வேண்டும் என்று எங்கள் குழு தீர்மானம் எழுதியது. உங்கள் குழுவிலும் எழுதுங்கள்.

சமைப்பவர் இன்ன சாதி என்பதால் சிலர் பிள்ளையைச் சாப்பிட வேண்டாம் என்கிறார்களே?

2023இல் சில ஊர்களில் இப்படி நடந்து செய்தித்தாள் வரை வந்தது. தீண்டாமையை ஒழித்து, அதைக் குற்றமாக்கியிருக்கிறது அரசமைப்பின் 17ஆம் பிரிவு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஆறு வயதுப் பிள்ளை தட்டோடு உட்காரப் போகும்போது அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால், அந்தப் பிள்ளை அன்று ஒரு பாடம் படிக்கிறது. சமைத்தவரின் பிள்ளையும் அதே வரிசையில் உட்கார்ந்து படிக்கிறது. நாங்கள் செய்தது ஒன்றுதான்: குழு உறுப்பினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அந்தப் பொங்கலையே சாப்பிடுகிறோம்.

சத்துணவு நன்றாக இருக்கிறதா என்று பெற்றோர் பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பரிமாறுவதற்கு முன் இரண்டு மூன்று பெரியவர்கள், அதில் ஒருவராவது ஆசிரியர், ருசி பார்க்க வேண்டும் என்று மதிய உணவுத் திட்ட வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அமைப்பாளரும் சமையலரும் குறைந்த சம்பளத்தில் வெந்து வேலை பார்ப்பவர்கள், குற்றம் கண்டுபிடிக்க வந்த அதிகாரி மாதிரி நிற்காதீர்கள். அரிசியில் வண்டு இருக்கிறதா, பருப்பு வெந்திருக்கிறதா, முட்டை எல்லோருக்கும் வருகிறதா, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கிடைக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முக்கியமாக, சாப்பிடும் முன் கை கழுவச் சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இடம் கிடந்தால் ஒரு முருங்கைக் கிளையை நட்டு வையுங்கள். ஆறு, ஏழு மாதத்தில் கீரை பறிக்கலாம்.

பள்ளியில் கொடுக்கும் சத்து மாத்திரை சாப்பிட்டால் வாந்தி வருகிறது, மலம் கருப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். மலம் கருப்பாவது இரும்புச் சத்தால், ஆபத்தில்லை. வாந்தி பெரும்பாலும் வெறும் வயிற்றில் போட்டதால் வரும். மதியச் சாப்பாடு முடிந்து போட்டால் தொல்லை குறையும். அதோடு டீ, காபி, பால் குடிக்கக் கூடாது, இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

வாரம் ஒரு மாத்திரை. ஐந்து முதல் ஒன்பது வயதுக்கு இளஞ்சிவப்பு, பத்து முதல் பத்தொன்பது வரை நீலம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பத்துப் பெண்கள் உட்கார்ந்தால் ஆறு பேர். இதைப் பார்த்தால் தெரியாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், மதியத்துக்கு மேல் தூங்கி வழியும், "சோம்பேறி" என்று பெயர் வாங்கும். பல்பம் தின்னும் பிள்ளை, பச்சரிசியை வாயில் போட்டு மெல்லும் பிள்ளை இருந்தால் அடிக்காதீர்கள். இரும்புச் சத்து குறைந்தால் அப்படி ஒரு ஆசை வரும். ரத்தம் பரிசோதிக்கக் கூட்டிப் போங்கள். 12 முதல் 14 வயதில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை.

பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் பூச்சி மாத்திரை கொடுப்பார்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். முழுங்காமல் மென்று தின்ன வேண்டும். கொக்கிப்புழு வெறுங்காலில் மண் வழியாக ஏறி ரத்தத்தை உறிஞ்சும். அதனால் செருப்பு போட்டு அனுப்புவதும் ரத்தசோகைக்கு வைத்தியம்தான்.

மகள் எந்த நேரமும் பெரியவளாகலாம். பள்ளியில் வைத்து வந்துவிட்டால்?

அவளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒன்பது பத்து வயதிலேயே. "உனக்கு அடிபடவில்லை, நோயும் இல்லை, எல்லாப் பெண்ணுக்கும் வருவது" என்ற ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். எங்கள் பள்ளியில் ஆசிரியை ஒருவர் மேசை இழுப்பறையில் நாப்கினும், ஒரு மாற்று உள்ளாடையும், ஒரு பழைய துப்பட்டாவும் எப்போதும் வைத்திருக்கிறார். கேட்க வெட்கப்படும் பிள்ளை "டீச்சர், சிவப்புப் பேனா வேணும்" என்றால் போதும். என் மகளுக்கும் அந்தச் சிவப்புப் பேனாதான் கைகொடுத்தது.

புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட் நாப்கின் இலவசம், பாக்கெட்டுக்கு ஆறு. அது போதாத மாதத்துக்குக் குழு கொஞ்சம் வாங்கி வைக்கலாம். கழற்றியதைப் போட மூடியுள்ள குப்பைத் தொட்டி கழிப்பறைக்குள்ளேயே வேண்டும், வெளியே வைத்தால் யாரும் போடமாட்டார்கள். மாதத்துக்கு மூன்று நாள் லீவு போட வைக்காதீர்கள். வலி தாங்க முடியாமல் இருந்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றும் அளவுக்குப் போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாவாடையில் கறை பார்த்துச் சிரிக்கும் பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம்.

போர்டில் எழுதியதைச் சரியாக எழுதிவர மாட்டேன் என்கிறான். கவனக்குறைவா, கண் குறைபாடா?

முதலில் கண்ணைச் சந்தேகப்படுங்கள். என் தங்கை மகன் மூன்று வருடம் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதியிருக்கிறான். "காப்பி அடிக்கிறவன்" என்று பெயர். ஆறு மீட்டர் தள்ளி நிற்க வைத்து எழுத்துப் பலகையைக் காட்டியபோது இரண்டாவது வரியோடு நின்றுவிட்டான். கண்ணாடி போட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றவன் என் கையைச் சுரண்டினான்: "பெரியம்மா, பஸ் வர்றதுக்கு முன்னாடியே போர்டு தெரியுது." அதுவரை பஸ் பக்கத்தில் வந்து நின்றால்தான் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறான்.

அரசுப் பள்ளியில் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கே வரும். இதயத்தில் ஓட்டை, காது கேளாமை, பல், தோல் என்று 18 வயது வரை பார்ப்பார்கள். குழு வரும் நாளில் லீவு போட வைக்காதீர்கள், பிள்ளைக்கு இருக்கும் தொல்லையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைச் சீட்டு கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொண்டு போங்கள். அலமாரியில் மடித்து வைத்த சீட்டால் பல பிள்ளைகளின் வைத்தியம் நின்றுபோகிறது.

ஞாயிறு ராத்திரி ஆனால் வயிற்றுவலி. மறுநாள் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் பதினொரு மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. நடிக்கிறானா?

நடிப்பு இல்லை. மனதில் பயம் இருந்தால் வயிறு நிஜமாகவே வலிக்கும். பள்ளிக்குப் போக வேண்டாம் என்று தெரிந்ததும் பயம் போகும், வலியும் போகும். அதனால்தான் நமக்கு நடிப்பாகத் தெரிகிறது. ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டு, மற்ற நோய் இல்லை என்றால் பக்கத்தில் உட்காருங்கள். "ஏன் போகமாட்டேங்கிற?" என்று கேட்டால் பதில் வராது. மதியம் யாரோடு சாப்பிட்டாய், வேனில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், எந்த பீரியட் சீக்கிரம் முடிய வேண்டும் போல இருந்தது என்று மெதுவாகக் கேளுங்கள். கை வேறு வேலையாக இருக்கும்போது பிள்ளைகள் நன்றாகப் பேசும். பட்டாணி உரித்துக்கொண்டே நான் கேட்ட கதைகள் ஏராளம்.

காரணம் பட்டப்பெயராக இருக்கலாம், கணக்குப் பாடமாக இருக்கலாம், சாதியாகவும் இருக்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலினப் பையனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்பே அவன் பள்ளிக்குப் போகப் பயந்து ஒதுங்கியிருந்தான். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நம் வீட்டுப் பையன் கையில் என்ன கயிறு இருக்கிறது, யார் கட்டிவிட்டார்கள் என்று முதலில் நாம் பார்ப்போம்.

"செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னாலும், திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் கூடிவிடாது, சொல்ல ஒரு ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். அன்றே அரசின் உதவி எண்களான 14416க்கோ 104க்கோ பேசுங்கள். பொதுத்தேர்வு முடிவு வரும் வாரத்தில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஆசிரியர் அடிக்கிறார். "அடிச்சாத்தான் படிப்பான்" என்று என் மாமியாரே சொல்கிறார்.

அந்தக் காலத்தில் நம்மையும் அடித்தார்கள், அந்த ஆசிரியர்கள் மேல் நமக்குப் பாசமும் உண்டு. ஆனாலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகப் பேசி அவமானப்படுத்துவதையும் தடை செய்கிறது. பயத்தில் படித்தது பரீட்சை வரை நிற்கும், பயம் அதற்குப் பிறகும் நிற்கும். ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். ஐம்பது பிள்ளைகளை ஒருவராகச் சமாளிப்பவருக்கும் உதவி தேவைப்படலாம்.

யாராவது தப்பாகத் தொட்டதாகப் பிள்ளை சொன்னால்?

நம்புங்கள். "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காதீர்கள். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். சிறார் உதவி எண் 1098க்கு அழையுங்கள், இல்லாவிட்டால் காவல் நிலையம் போங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைப்பதே குற்றம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "பள்ளி மானம் போயிடும், உள்ளுக்குள்ள பேசிக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளைகள் தங்கள் புகாரை எழுதிப் போடப் பள்ளியில் இருக்கும் 'மாணவர் மனசு' பெட்டியைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கிறார்கள் என்று கூட்டத்தில் கேளுங்கள்.

பள்ளி வாசல் கடையில் கண்டதையும் விற்கிறார்கள். மூடச் சொல்லலாமா?

பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் சொல்கின்றன. சிறாருக்குப் போதைப் பொருளோ மதுவோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் யார் விற்றாலும் தயங்காமல் புகார் கொடுங்கள்.

ஆனால் மிட்டாயும் குச்சி அப்பளமும் விற்றுப் பிழைக்கும் பாட்டியிடம் சட்டம் பேசாதீர்கள். எங்கள் வாசல் பாட்டியிடம் நாலு அம்மாக்கள் உட்கார்ந்து பேசினோம். இப்போது வேகவைத்த வேர்க்கடலை, கொய்யா, மாங்காய்ப் பத்தை, நெல்லிக்காய் விற்கிறார். வியாபாரம் குறையவில்லை. வாசலில் அந்நிய ஆள் யாராவது நின்றால் முதலில் சொல்பவரும் அவர்தான்.

விளையாட்டு பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறாரே?

கொடுக்காதீர்கள் என்று கூட்டத்தில் எழுதுங்கள். 5 முதல் 17 வயதுக்குத் தினமும் ஒரு மணி நேரமாவது உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்கு வந்ததும் டியூஷன், அப்புறம் செல்போன் என்றாகிவிட்ட பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிடம்தான் வெயில் படும் நேரம். பெண் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

புத்தகப் பை எவ்வளவு கனம் இருக்கலாம்?

பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. வீட்டுத் தராசில் ஒருநாள் வைத்துப் பாருங்கள்.

உடம்பு சரியில்லாதபோது எப்போது திரும்ப அனுப்பலாம்?

காய்ச்சல் என்றால், மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு. அம்மை போட்டால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு. வேப்பிலை வைப்பதும் தலைக்கு ஊற்றுவதும் உங்கள் வழக்கப்படி செய்யுங்கள், ஆனால் நாள் கணக்கைவிடப் பொருக்கைப் பாருங்கள். மருத்துவரிடமும் காட்டுங்கள், அம்மைக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி ஐந்து நாள். சிரங்கு என்றால் மருந்து பூசிய மறுநாள் அனுப்பலாம், வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். பேனுக்காக லீவே வேண்டாம், அந்தப் பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கவும் வேண்டாம்.

தனியார் பள்ளியில் படிக்கிறான். இதெல்லாம் அங்கே பொருந்துமா?

மேலாண்மைக் குழுவும் காலை உணவும் சத்துணவும் அங்கே இல்லை, அரசுப் பள்ளிக்கென்றே உள்ள இலவசத் திட்டங்களும் இருக்காது. மற்ற எல்லாம் பொருந்தும். கட்டணம் வாங்கும் பள்ளியின் கழிப்பறையிலும் தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கலாம். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் நாளில் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டதும் கழிப்பறை பக்கம் ஒரு நடை போய் வாருங்கள்.

எந்த எண்ணை எதற்கு அழைப்பது?

பள்ளி சம்பந்தப்பட்ட எந்தப் புகாருக்கும் 14417. பிள்ளைக்கு ஆபத்து, வன்முறை, தொந்தரவு என்றால் 1098. உடல்நல ஆலோசனைக்கு 104. மனநலத்துக்கு 14416. அவசரத்துக்கு 108. எங்கள் பள்ளியில் இந்த ஐந்தையும் குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். முதலில் பெரியவர்கள் படிக்கும் உயரத்தில் எழுதியிருந்தோம். ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எட்டிப் பார்ப்பதைக் கண்டு, அழித்துவிட்டு இரண்டடி கீழே எழுதினோம்.